கடல்கட்டியும் காலராவும்

1/ எச்சரிக்கை இருக்கும்போது ஸ்கூபா டைவிங் டூர் போகலாமா? நம்ம கடலுக்கு இது ரொம்பப் பழைய கேள்வி மக்களே.

2/ கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராஜேந்திர சோழன் காலத்துல மன்னார் வளைகுடாவோட ரெண்டு கரையும் சோழர் கையில. அந்தக் கடலோட செல்வம் முத்து. குளிக்கிறவங்களோட பயம் சுறா.

3/ 13-ம் நூற்றாண்டு கடைசியில வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுபவருக்கு 20-ல் ஒரு பங்கு கூலின்னு எழுதுறார். தமிழில் அவர் பெயர் 'கடல்கட்டி'. அவர் வராம யாரும் இறங்க மாட்டாங்க.

4/ 19-ம் நூற்றாண்டுல இலங்கையில் பிரிட்டிஷ் அதிகாரியா இருந்தவர் எமர்சன் டெனன்ட். அவர் போனப்ப கடல்கட்டிக்கு உடம்பு சரியில்ல. மந்திரமே தெரியாத ஒரு பதிலாள் வந்து நின்னார். அதுவே போதும்னு ஆளுங்க இறங்கினாங்க!

5/ பிரிட்டிஷ் ஆட்சியில் முத்துக்குளிப்பில் உறுதியான சுறா விபத்து ஒன்றுக்கு மேல் பதிவாகலைன்னும் அவரே எழுதுறார்.

6/ அப்போ உயிரை எடுத்தது எது? காலரா. கரையில ஆயிரக்கணக்கான பேர், அழுகும் சிப்பி, அசுத்தமான குடிநீர். காலராவால் பாதியிலேயே நின்ற முத்துக்குளிப்புகள் உண்டு. கடலுக்குக் காவல் இருந்தது, குடத்துக்கு இல்லை.

7/ அதனால எச்சரிக்கையை முழுசா படிங்க. எந்த ஊருக்கு, எதுக்காகன்னு பாருங்க. "போகாதே"ன்னு இருந்தா தள்ளிப்போடுங்க.

8/ அதோட நிறுத்தாதீங்க. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க. சளி, காதடைப்பு இருந்தா இறங்காதீங்க. பல முறை டைவ் பண்ணினா, விமானம் ஏற குறைஞ்சது 18 மணி நேரம் பொறுங்க.

சுறாவைக் கேட்கிற நாம, தண்ணிக்குடத்தையும் கேட்கணும்.