கம்பியில்லாத் தொடர்புக்கும் கம்பி வேண்டும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே செல்லும்போது வருவது உப்புவெளி. இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டம் இங்குதான் உள்ளது. கடற்கரையோரம் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள். உள்ளே சற்றுத் தள்ளி ஊர்மக்களின் வீடுகள். இன்று அவ்விடுதிகளிலும் வீடுகளிலும் ஒரே முறைப்பாட்டைக் கேட்கலாம்: “முன்னுக்கு வைஃபை நல்லா இருக்கு, பின்னறைக்கு வருகுதில்லை.”

இது ஒரு சிறிய தொல்லைதானே எனத் தோன்றலாம். ஆனால் கம்பியில்லாத் தொடர்பின் நூற்றாண்டு வரலாறு முழுவதும் இந்தச் சிறிய தொல்லைக்குள் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றின் முக்கியமான சில அத்தியாயங்கள் திருகோணமலையிலேயே எழுதப்பட்டன என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

இலங்கையில் தந்திக் கம்பி முதலில் ஓடியது 1858இல், கொழும்புக்கும் காலிக்கும் இடையே. செய்தி செல்ல வேண்டுமானால் கம்பி செல்ல வேண்டும் என்பதே அன்றைய விதி. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் அவ்விதி ஆட்டம் கண்டது. 1895 அளவில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவர்களுக்கு ஊடாகச் செலுத்தி மறுபக்கத்தில் மணியொன்றை ஒலிக்கச் செய்து காட்டினார். 1901இல் மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டிச் சமிக்ஞையைப் பெற்றதாக அறிவித்தார். இனிக் கம்பிக்கு வேலையில்லை என்றே உலகம் எண்ணியது.

கம்பியில்லாத் தந்தியின் பெறுமதியை இலங்கை அறிந்தது 1942 ஏப்ரலில். அம்மாதம் 4ஆம் திகதி, கனேடிய வான்படையைச் சேர்ந்த லியனார்ட் பர்ச்சல் ஓட்டிச் சென்ற கட்டலீனா விமானம், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு தந்தி அனுப்பியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது அது முற்றிலும் அறியாமையில் இருக்கவில்லை. 9ஆம் திகதி திருகோணமலையின் முறை வந்தது. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தமையால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் முந்திய நாளே வெளியேற்றப்பட்டிருந்தன. ஆயினும் அவ்வாறு வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதற்குரிய வான்பாதுகாப்பு வேளைக்கு வந்து சேரவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. ராடார் என்பது அன்று புதிய கம்பியில்லா அதிசயம். ஆனால் பிரித்தானியர் வகுத்த பாதுகாப்பு முறையில், ராடார் நிலையம் வானில் கண்டதைக் கட்டுப்பாட்டறைக்குச் சொல்லத் தொலைபேசிக் கம்பியையே நம்பியிருந்தது. அலை கண்டதைக் கம்பி கொண்டுசென்றது. இரண்டும் ஒன்றையொன்று ஒழிக்க வந்தவையல்ல.

போருக்குப் பின்னரும் திருகோணமலை அலைகளை விட்டு விலகவில்லை. போர்க்காலத்தில் கொழும்பில் இயங்கிய பிரித்தானிய ஒட்டுக்கேட்கும் நிலையத்தின் பணி, 1950களில் திருகோணமலைப் பகுதியில் பெர்க்கார் என்ற இடத்தில் அமைக்கப்பட்ட புதிய நிலையத்துக்கு மாறியது. தொலைதூர நாடுகளின் மெல்லிய சமிக்ஞைகளையும் கேட்பதற்காக எழுப்பப்பட்ட பெரும் ‘காது’ அது. பின்னர் 1980களில், திருகோணமலைக்கு வடக்கே கடற்கரைப் பகுதியில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி தனது அஞ்சல் நிலையத்தை நடத்தத் தொடங்கியது. அது பெரும் ‘வாய்’. 250 கிலோவாட் வலுக்கொண்ட சிற்றலைக் கருவிகள் ஆசியாவெங்கும் குரலை அனுப்பின. 2013இல் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது.

ஒரு வீட்டு வைஃபை ரவுட்டரின் வலு ஏறத்தாழ வாட்டில் பத்திலொரு பங்கு. 250 கிலோவாட் என்பது அதைப்போல் 25 இலட்சம் மடங்கு. அப்படியானால் ரவுட்டரின் வலுவைக் கூட்டிவிட்டால் பின்னறைத் தொல்லை தீர்ந்துவிடாதா? தீராது. அதற்கான காரணத்தையும் இவ்விரு நிலையங்களே விளக்குகின்றன. வானொலி பேச மட்டும் செய்யும். நேயர் திருப்பிப் பேசுவதில்லை. ஒட்டுக்கேட்கும் நிலையம் கேட்க மட்டும் செய்யும். வைஃபையோ உரையாடல். ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கூவினாலும், கையிலுள்ள தொலைபேசியின் குரல் மெலிந்ததுதான். அந்த மெல்லிய குரல் சுவர்களைத் தாண்டி ரவுட்டரை எட்ட வேண்டும். தொலைபேசித் திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் பேச்சு அறுந்து போவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

என் போன்ற பத்திரிகையாளருக்கு இது பழைய பாடம். 1980களில் தபாற் கந்தோரிலிருந்து ட்ரங்க் கோல் எடுத்துக் கொழும்புக்குச் செய்தி சொல்வோம். பாதித் தூரத்திலேயே குரல் தேய்ந்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் அனைவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். “கத்திப் பயனில்லை ஐயா, வாயைக் கிட்டக் கொண்டுவந்து ஆறுதலாகப் பேசுங்கோ” என்பார் இணைப்பாளர். தொடர்பாடல் பொறியியலின் சாரம் அவ்வளவுதான்.

வைஃபையின் மூதாதையும் ஒரு தீவுக் கூட்டத்தில்தான் பிறந்தது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர், வெவ்வேறு தீவுகளிலிருந்த கணினி முனையங்களை வானலை வழியே இணைத்தனர். அதற்கு ‘அலோஹாநெட்’ என்று பெயர். ஒரே அலைவரிசையில் பலர் பேசும்போது சொற்கள் மோதிக்கொண்டால், சற்றுப் பொறுத்துத் திரும்பச் சொல்வது என்ற எளிய ஒழுங்கை அது கண்டுபிடித்தது. 1973இல் அமெரிக்காவில் ரொபர்ட் மெட்காப் அந்த ஒழுங்கையே செம்மைப்படுத்திக் கம்பிக்குள் கொண்டுவந்தார். அதுவே ‘ஈதர்நெட்’. வானில் பிறந்த யோசனை கம்பிக்குள் வளர்ந்தது. பின்னர் மீண்டும் வானுக்கு வந்தது: 1985இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளை அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்த இடமளித்தது, 1997இல் கம்பியில்லாக் கணினி வலையமைப்புக்கான முதல் தரநிர்ணயம் வெளியானது, 1999இல் ‘வைஃபை’ என்ற பெயரும் வந்தது.

இடையில் அவுஸ்திரேலியரின் பங்கு பெரிது. அறைச் சுவர்களில் பட்டுத் தெறிக்கும் அலைகள், எதிரொலிபோல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து செய்தியைக் குழப்பின. ஜோன் ஓ’சலிவன் தலைமையிலான அரச விஞ்ஞானிகள், வானியல் ஆய்வில் பெற்ற கணித அனுபவத்தைக் கொண்டு 1990களில் அதற்கு வழிகண்டனர். எதிரொலியை அவர்கள் வென்றார்கள். சுவரின் தடிப்பை எவராலும் வெல்ல முடியவில்லை.

உப்புவெளியில் எனது உறவினர் வீடொன்று இதற்கு நல்ல உதாரணம். முன் விறாந்தையை ஒட்டி ரவுட்டர். இடையில் மூன்று சீமெந்துச் சுவர்கள். பின்னறையில் நடமாட முடியாத எங்கள் மாமி. பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவில். ஞாயிறு தோறும் அவர்கள் முகம் திரையில் உறைந்து நிற்கும். குரல் துண்டு துண்டாக வரும். “என்னோடை கதைக்க அதுகளுக்கு விருப்பமில்லைப்போலை” என்று மாமி ஒருநாள் சொன்னார். கடையொன்றில் ‘ரிப்பீட்டர்’ வாங்கி இடையில் பொருத்தினார்கள். கோடுகள் கூடின, பேச்சு கூடவில்லை. சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையே அதே அலைவரிசையில் திரும்பச் சொல்வது. ஆகவே நேரத்தில் பாதி திரும்பச் சொல்வதிலேயே கழிகிறது. மேலும், தானே சரியாகக் கேளாததை அது எப்படித் திருத்திச் சொல்லும்?

தீர்வு 25 மீற்றர் வயரில் இருந்தது. ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் வயரொன்றைக் கூரையோரமாகப் பின்னறை வாசல் வரை இழுத்து, அதன் முனையில் ‘அக்சஸ் பொயின்ட்’ எனப்படும் சிறு கருவியைப் பொருத்தினார்கள். மூன்று சுவர்களையும் இப்போது கம்பி கடக்கிறது. அலைக்கு எஞ்சியது பத்தடித் தூரம். மாமியின் தொலைபேசி மெல்லப் பேசினாலும் கேட்கும் தூரத்தில் ஒரு காது.

செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள். இவ்வகை வயர் 100 மீற்றர் வரை தளர்வின்றிக் கொண்டுசெல்லும். செப்புப் பூசிய அலுமினியத்தைத் தவிர்த்துத் தூய செப்பு வயரையே வாங்குங்கள். முகவரி வழங்கும் ‘டீஎச்சீபி’ வேலையை ரவுட்டர் மட்டும் செய்யட்டும். புதிய கருவியில் அதை நிறுத்திவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் தொலைபேசி தானாகவே மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்களே ஒன்றோடொன்று மோதாதவை. கருவிகளுக்கு வெவ்வேறு தடங்களைக் கொடுங்கள். 2003இல் தரநிர்ணயம் பெற்ற முறையொன்றின்படி மின்சாரத்தையும் அதே வயரில் அனுப்பலாம் என்பதால், அதற்கேற்ற கருவியானால் மேலே தனி மின்சொருகி வேண்டியதில்லை.

கடற்கரை ஊர்களுக்கு மேலும் இரண்டு எச்சரிக்கைகள். உப்புக் காற்று செப்பு முனைகளை அரித்துவிடும். வெளியிலுள்ள இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செப்பு வயரை வெட்டவெளியில் இழுத்தால், மாரிக்கு முன்னான இடிமின்னல் காலத்தில் இரு முனைக் கருவிகளும் எரியக்கூடும். அங்கே கண்ணாடி இழையே பாதுகாப்பு.

கம்பி முடிந்துபோன யுகத்தின் பொருள் என்று நாம் நினைக்கிறோம். ரொறன்ரோவிலிருந்து புறப்படும் குரல் கண்டங்களைக் கண்ணாடி இழையில் கடந்து, சமுத்திரங்களின் அடியில் கிடக்கும் கேபிள்களில் ஓடி இலங்கையை அடைகிறது. ஆயிரக்கணக்கான மைல்களும் கம்பியே. கம்பியில்லாதது வீட்டுக்குள் இருக்கும் அந்த நாற்பது, ஐம்பது அடி மட்டுமே. பேச்சு அறுவதும் அங்கேதான்.

எங்கள் ஊர்களில் பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள். முதியவர்கள் பின்னறைகளில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது பெரிய தொலைக்காட்சிப் பெட்டியும் புதிய தொலைபேசியும் வாங்கிக் கொடுக்கிறோம். அடுத்த முறை போகும்போது, அம்மாவின் கட்டிலருகே அமர்ந்து, அங்கு வைஃபை எப்படி வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். வயர் அங்குவரை போகட்டும்.