சாம்பல் புதனும் உபதேசியார் இராஜநாயக்கனும்



வருகிற புதன்கிழமை சாம்பல் புதன். நமது ஆலயப் பீடத்தில் ஊதா நிறத் துணி விரிக்கப்படும். அல்லேலூயா ஆராதனையினின்று ஓய்ந்துவிடும்; உயிர்த்தெழுந்த நாளின் அதிகாலையில்தான் அதை மறுபடியும் பாடுவோம். வாரந்தோறும் ஒரு மாலை கூடி, ஆண்டவருடைய பாடுகளின் சரித்திரத்தைப் பகுதி பகுதியாய் வாசிப்போம். நான்கு சுவிசேஷங்களிலும் உள்ள பாடுகளின் வரலாற்றை ஒரே தொடராக இணைத்துத் தந்தவர்களுள் ஒருவர், லுத்தரின் நண்பரும் விட்டன்பர்க் நகரப் போதகருமான புகென்ஹாகன். அந்த வாசிப்பு முறை லுத்தரன் சபைகளின் பழைய சொத்து.

சென்ற வாரம் உத்தரகோசமங்கைக்குப் போயிருந்தேன். இராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். நம் சபைக் குடும்பம் ஒன்று வேலை நிமித்தமாக அங்கே குடியிருக்கிறது. வழியெங்கும் குண்டு மிளகாய்ப் பழங்களைக் காயப் போட்டிருந்தார்கள், காற்றே காரமாயிருந்தது. ஜெபம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது, அவ்வீட்டுப் பாட்டியம்மாள் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயரே, இந்த ஊரில் எல்லாரும் தினமும் நெற்றியில் திருநீறு பூசுகிறார்கள். நாம் வருஷத்தில் ஒரே ஒரு நாள் சாம்பல் பூசிக்கொள்கிறோம். எதிர்வீட்டு அம்மா ஏன் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

அவசரத்தில் நான் கூறிய பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் நினைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, என் சிறுவயதில் எங்கள் சபையில் சாம்பல் பூசும் வழக்கமே இல்லை. சாம்பல் புதன் என்ற பெயர் இருந்தது, சங்கீதம் 51 இருந்தது, முழங்கால்படியிட்டுப் பாவ அறிக்கை செய்தோம், சாம்பல் இல்லை. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெற்றவர் திருநீற்றை விட்டவர் என்றே ஊரார் அறிந்திருந்தனர். அப்படிப்பட்டவர் நெற்றியில் இன்னொரு சாம்பலை இட நம் முன்னோர் தயங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம். இன்று நம் சபைகள் பலவற்றில், முந்தின ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலால் சிலுவை அடையாளம் இடுகிறோம். இடுவதும் சரி, இடாமலிருப்பதும் சரி. இந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1522-ஆம் ஆண்டு மார்ச் 9, லெந்து காலத்தின் முதலாம் ஞாயிறு. சூரிச் நகரில் அச்சுக்கூடம் நடத்திவந்த புரோஷௌவர் வீட்டில், உபவாச விதியை மீறிச் சிலர் இறைச்சி உண்டனர். சுவிங்லி அங்கே இருந்தார், ஆனால் உண்ணவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை விட்டன்பர்க்கில் லுத்தர் பிரசங்க பீடம் ஏறினார். அவர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த மாதங்களில், அவருடைய சொந்தச் சபையார் சுரூபங்களை உடைத்து, பழைய வழிபாட்டைப் பலவந்தமாக மாற்றி, உபவாசத்தை மீறுவதையே விசுவாசத்தின் அடையாளமாக்கியிருந்தனர். லுத்தர் தொடர்ந்து எட்டு நாட்கள் பிரசங்கித்தார். அவற்றின் சாரம் இதுதான்: இறைச்சி உண்ண உங்களுக்குச் சுதந்திரம் உண்டு, ஆனால் பலவீனனான சகோதரனை மிதித்துக்கொண்டு அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள், அன்பில்லாத விசுவாசம் விசுவாசமல்ல. ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்திலும், உபவாசத்தை ஒரு நல்ல வெளிப்புற ஒழுங்கு என்று மட்டுமே மதித்து, திருவிருந்துக்கு நம்மைத் தகுதியாக்குவது விசுவாசமே என்று போதித்தார்.

ஆகவே லெந்து காலத்தில் என்ன சாப்பிடுகிறோம் என்பது லுத்தரனுக்கு முதல் கேள்வி அல்ல. யாரோடு பந்தியில் அமர்கிறோம் என்பதே முதல் கேள்வி. (மீன் கறியில் சேருமா சேராதா என்று இந்தக் கடற்கரையில் நடக்கும் வாக்குவாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பிடித்து வந்தவனுடைய வீட்டு அடுப்பை யாரும் விசாரிப்பதில்லை.)

இப்போது நம் சொந்த வரலாற்றுக்கு வருவோம். சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடிக் கரையில் இறங்கியது 1706 ஜூலை 9. அவர் 1707 மே 12 அன்று முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். தமிழ் லுத்தரன் சபையின் முதல் அங்கத்தினர் பட்டியல் அடிமைகளின் பட்டியல் என்பதை ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறையாவது நினைத்துக்கொள்வது நமக்கு நல்லது. 1718 அக்டோபர் 11 அன்று இன்றைய புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நான்கு மாதங்களில், 1719 பெப்ரவரி 23 அன்று, ஐயர் தமது 36-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அவ்வருடம் உயிர்த்தெழுதலின் பண்டிகை ஏப்ரல் 9. அப்படியானால் சாம்பல் புதன் பெப்ரவரி 22. லெந்து காலம் தொடங்கிய மறுநாள், வியாழக்கிழமை, அவர் மரித்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார். மண்ணாயிருக்கிறோம் என்று நினைவூட்டும் நாளுக்கு அடுத்த நாள்!

அந்த ஆலயத்தினுள் நடந்த வேறொன்றையும் நான் சொல்லியாக வேண்டும்.

தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் என்பவர், பறையர் சமூகத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் 1714-இல் அச்சான 'அஞ்சு வேத பொஸ்தகம்' அவர் கைக்குக் கிடைத்தது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய நூல் அது. வாசித்தார், விடமுடியவில்லை. 1727-இல் லுத்தரன் சபையில் சேர்ந்தார். படையை விட்டு உபதேசியார் ஆனார். மிஷனெரிமார் நுழைய அனுமதியற்றிருந்த தஞ்சை நாட்டில் ஊர் ஊராக நடந்து, அடி வாங்கி, சபைகளைக் கூட்டியவர் அவர்.

1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் ஐயர் குருப்பட்டம் பெற்றார். அவர் கடலூரைச் சேர்ந்த வெள்ளாளர்; லுத்தரன் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர். 1741-இல் இரண்டாவது ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. இராஜநாயக்கனின் பெயர் ஆலோசிக்கப்பட்டது. கல்வியிலோ ஒழுக்கத்திலோ விசுவாசத்திலோ குறை காணப்படவில்லை. ஆயினும், உயர்ந்த சாதியார் என்று தங்களை எண்ணிய சபையார் அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற்றுக்கொள்ள மாட்டார்கள் என்ற காரணத்தால் அவர் ஒதுக்கப்பட்டார். தியோகு ஐயர் குருப்பட்டம் பெற்றார். தியோகு ஐயரும் உண்மையுள்ள ஊழியரே; அவரிடத்தில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

பிரியமானவர்களே, இதைச் சற்று நின்று யோசியுங்கள். அப்பத்தையும் ரசத்தையும் குறித்து ரோமச் சபையாரோடும் சுவிங்லியைச் சேர்ந்தவர்களோடும் நாம் எத்தனை வாதங்கள் செய்தோம்! கிறிஸ்துவின் மெய்யான சரீரமும் மெய்யான இரத்தமும் அங்கே உண்டு என்று விட்டுக்கொடாமல் நின்றோம். அந்தச் சரீரத்தைக் கொடுக்கும் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கேட்டதும் நாமே. மிஷனெரிமார் சபையின் நன்மையைக் கருதியே அப்படித் தீர்மானித்தார்கள் என்று எழுதுவோர் உண்டு. அவர்களுடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் பலவீனனைத் தாங்கும்படி லுத்தர் சொன்னபோது, 1741-இல் தாங்கப்பட வேண்டிய பலவீனன் யார்? பெரும்பான்மையினரின் பெருமையைப் பலவீனம் என்று பெயரிட்டுத் தாங்கினோம். அதன் பாரத்தை ஒரு மனிதர் சுமந்தார்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், தம் ஆளுகைக்குட்பட்ட சபைகளில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரில் அநேகர் விலகி நின்றார்கள். சாதி வழக்கத்தை விட மறுத்தவர்களில், சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த மகாகவி வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளைப் பாடாமல் நமக்கு லெந்து காலம் ஏது? பின் வந்த ஆண்டுகளில், விலகியவர்களில் பலருக்கு அடைக்கலமாயிருந்தது லைப்சிக் மிஷன், அதாவது நம் லுத்தரன் சபை. சாதியை மெதுவாகத் திருத்தலாம் என்பது அதன் கொள்கை. அதை ஏற்காத ஓக்ஸ் ஐயர் அம்மிஷனை விட்டு விலகி, 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷன் பணியைத் தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அது.

இந்த இராமநாதபுரச் சீமையிலும் லுத்தரன் சுவடு உண்டு. 1785-இல் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் சுவார்ட்ஸ் ஐயரின் முயற்சியால் பள்ளிகள் திட்டமிடப்பட்டன. அப்துல் கலாம் பயின்ற சுவார்ட்ஸ் மேல்நிலைப்பள்ளி இன்றும் இராமநாதபுரத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1798 பெப்ரவரி 13 அன்று, சாம்பல் புதனுக்கு எட்டு நாட்களுக்கு முன் மரித்தார். இப்பகுதிப் பணி பின்னர் ஆங்கிலிக்கன் சபையாருக்குச் சென்று, இன்று தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறது.

பாட்டியம்மாளின் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் மங்களநாதர் கோயில் கோபுரம் தெரிகிறது. மாணிக்கவாசகர் 'நீத்தல் விண்ணப்பம்' என்னும் ஐம்பது பாடல்களை இத்தலத்தில்தான் பாடினார் என்பது சைவ மரபு. ஐம்புலன்களுக்கு அடிமைப்பட்ட ஒருவர், என்னைக் கைவிட்டுவிடாதே என்று ஐம்பது முறை மன்றாடும் பாடல்கள். இதை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஷோமெரஸ் ஐயர். அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பு 1923-இல் வெளிவந்தது. பின்னர் அவர் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். சீகன்பால்க் ஐயரை உருவாக்கிய அதே ஹாலே! அவர் விசுவாசித்ததும் மாணிக்கவாசகர் விசுவாசித்ததும் ஒன்றல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் உத்தரகோசமங்கையில் எழுந்த மன்றாட்டைப் பொறுமையோடு அமர்ந்து கேட்கத்தக்கதென்று ஒரு லுத்தரன் போதகர் கண்டார். அந்நியரின் அறிக்கையைக் கேட்கத் தெரிந்த நமக்கு, நம் அறிக்கையைச் செய்யத் தெரியுமா?

ஆகவே பாட்டியம்மாளுக்கு நான் கூறியிருக்க வேண்டிய பதில் இது: எதிர்வீட்டு அம்மாவின் திருநீறு அவர்களுடைய பக்தியின் அடையாளம். நமது சாம்பல் பக்தியின் அடையாளமல்ல, குற்ற ஒப்புதல். அன்று நாம் செய்யும் பாவ அறிக்கை 'நான்' என்று மட்டுமல்ல, 'நாங்கள்' என்றும் சொல்லுகிறது. அந்த 'நாங்கள்' என்பதில் 1741-ஆம் ஆண்டுச் சபையாரும் அடக்கம்.

என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், இளம் போதகனாய் ஒரு சபையில் இருந்தபோது, லெந்து கால வீட்டு ஜெபப் பட்டியலைச் சபை மூப்பர்கள் தயாரித்துக் கொண்டுவந்தார்கள். நாற்பது நாள், நாற்பது வீடு. வாய்க்காலுக்கு அப்பாலிருந்த தெருவில் நம் குடும்பங்கள் பதினொன்று இருந்தன. பட்டியலில் ஒன்றும் இல்லை. கேட்டேன். "அங்கே உட்கார இடம் போதாது, ஐயரே" என்றார்கள். இடம் போதாதது எங்கே என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையெழுத்திட்டேன். பெரிய வெள்ளியன்று அத்தெருவைச் சேர்ந்த ஒரு தாயார் தம் லெந்து காணிக்கை உண்டியலைக் கொண்டுவந்து பீடத்தின் அருகே வைத்தார்கள், கனமாக இருந்தது. என்னிடம் மெல்லச் சொன்னார்கள்: "நீங்கள் வருவீர்கள் என்று பாயைக் கழுவிக் காயவைத்திருந்தேன், ஐயா."

ஏசாயா 58-ஐ அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூட நிம்மதியாக வாசித்ததில்லை. தலை குனிந்து சாம்பலில் உட்காருவதா உபவாசம் என்று தேவன் கேட்கும் அதிகாரம் அது.

இராஜநாயக்கன் குருப்பட்டம் பெறாமலே 1771-இல் மரித்தார். ஒதுக்கப்பட்ட பின்னும் முப்பது ஆண்டுகள் உபதேசியாராகவே உழைத்தார். புதன்கிழமை மாலை ஆராதனையில் பாவ அறிக்கைக்கு முன் அவருடைய பெயரைச் சொல்லுவேன்.

இவ்வாண்டின் வீட்டு ஜெபப் பட்டியல் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்தத் தெருவாவது விடுபட்டிருந்தால், புதன்கிழமைக்கு முன் என்னிடம் வந்து சொல்லுங்கள்.