குருதி செல்லும் வழி

உயிர்ப்புள்ள ஒன்றை ‘இரத்தமும் சதையுமாக’ என்கிறோம். நலிந்து தேய்ந்ததை ‘எலும்பும் தோலுமாக’ என்கிறோம். எலும்பைச் சாவின் பக்கம் நிறுத்துவது நம் மொழியின் பழக்கம். எலும்பும் இரத்தத்தால் வாழ்வதே என்பதைப் போர்க்களக் காயங்களிலிருந்து கற்றுக்கொண்டவர் ஒருவரின் கதையை இங்கே நினைவுகூர்கிறோம்.

1897இல் பிறந்த ஜோசப் ட்ருயேட்டா, பார்சலோனாவில் அறுவை மருத்துவர். 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டது. குண்டுவீச்சில் எலும்பு முறிந்து, தசை கிழிந்து, மண்ணும் துணியும் உள்ளே புதைந்த நிலையில் மக்கள் வந்து குவிந்தனர். பென்சிலின் புழக்கத்துக்கு வராத காலம். காயம் அழுகினால் காலை வெட்ட வேண்டும். தாமதித்தால் உயிர் போகும்.

ட்ருயேட்டா காயத்தைக் கழுவினார். இரத்த ஓட்டம் அற்றுப்போன தசையை இரக்கமின்றி வெட்டி நீக்கினார். எலும்பை நேராக்கி, காயத்தைத் தைக்காமல் வலைத்துணி நிரப்பி, அதன்மேலேயே மாவுக்கட்டுப் போட்டார். பிறகு வாரக்கணக்கில் அதைத் திறக்கவில்லை. கட்டுகளிலிருந்து எழுந்த நாற்றம் பொறுக்க முடியாததாக இருந்தது. ஆயினும் அவர் பதிவுசெய்த 1,073 நோயாளிகளில் இறந்தவர்கள் 6 பேர் மட்டுமே. காயத்தின்மேல் மாவுக்கட்டுப் போடும் முறையை அமெரிக்கரான வின்னெட் ஓர் முன்பே கையாண்டிருந்தார். இறந்த திசுவை முற்றாக அகற்ற வேண்டும் என்ற வற்புறுத்தலே ட்ருயேட்டாவின் பங்கு. குருதி எட்டாத சதையில் கிருமி செழிக்கிறது. குருதி எட்டும் இடத்தில் உடல் தானே போரிடுகிறது.

எலும்பு கூடுவதும் இவ்வாறே. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அதற்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. குருத்தெலும்பால் ஒரு மெல்லிய பாலம் அமைகிறது. குழாய்கள் அதனுள் நுழைந்த பின்னரே அது எலும்பாக இறுகுகிறது. ஓயாத அசைவு அந்த இளங்குழாய்களை அறுத்துவிடும்.

1939இல் பார்சலோனா வீழ்ந்தபோது ட்ருயேட்டா நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தை அடைந்தார். 1949 முதல் 1966 வரை ஆக்ஸ்ஃபோர்டில் எலும்பு மருத்துவப் பேராசிரியர். அங்கே ஹாரிசன் என்பவருடன் சேர்ந்து, தொடை எலும்பின் தலைக்குக் குருதி செல்லும் வழிகளை வரைந்து 1953இல் வெளியிட்டார். அந்தத் தலைக்கான தமனிகளில் பெரும்பாலானவை எலும்பின் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து முறிந்தால் அவையும் அறுபடக்கூடும். அப்போது தலை பட்டினியால் மடிகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு, முறிந்ததை ஒட்டவைக்காமல் உலோகத்தலை பொருத்தலாம் என்று மருத்துவர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஓய்வுக்குப் பின் தாயகம் திரும்பிய ட்ருயேட்டா 1977இல் மறைந்தார். வேரறுந்த மரம் என்று புலம்பெயர்ந்தோரைச் சொல்வதுண்டு. அவரோ, வேர் அறுந்த எலும்புக்கு என்ன நேர்கிறது என்பதை அயல்மண்ணில் அமர்ந்து பொறுமையாக வரைந்துகொண்டிருந்தார்.