மறைத்த புட்டியும் மதிப்பெண்ணும்: ஒயின் சுவைத்துத் தரம் சொன்ன வரலாறு

ஒயினைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் வழக்கம் வணிகத்தில் தொடங்கியது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முறைப்பட்டது. பத்திரிகைகளின் வழியே சந்தையை ஆளும் வலிமை பெற்றது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. இந்த 2,000 ஆண்டுகளில் தரம் சொல்பவரும் மாறினார், அவர் கையிலிருந்த அளவுகோலும் மாறியது. மாறாமல் நின்றது ஒரு கேள்வி: மூக்கும் நாக்கும் சொல்வதை நம்புவதா, பெயரும் விலையும் சொல்வதை நம்புவதா?

சாடியில் எழுதிய பெயர்

பண்டைய ரோமில் ஒயின் நிரப்பிய ஆம்போரா சாடிகளின் மேல், அது விளைந்த ஊரையும் அந்த ஆண்டு பதவியில் இருந்த கான்சலின் பெயரையும் மையால் எழுதும் வழக்கம் இருந்தது. எந்த மண், எந்த ஆண்டு என்ற இரண்டு விவரங்களும் அன்றே விலையைக் கூட்டின. கி.மு. 121இல் ஒபிமியஸ் கான்சலாக இருந்தபோது எடுத்த ஒயின், அவர் பெயராலேயே பல தலைமுறைகளுக்குப் பேசப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய மூத்த பிளினி, ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையான அந்த ஒயின் தேன்போல இறுகிக் கரடுமுரடாகிவிட்டதாகப் பதிவு செய்தார். தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் 14ஆம் பகுதியில் இத்தாலிய ஒயின்களை அவர் நான்கு தரங்களாக வரிசைப்படுத்தினார். பேரரசர் அகஸ்டஸ் விரும்பிய செத்தியா ஊர் ஒயின் முதல் தரத்திலும், புகழ்பெற்ற ஃபலேர்னியன் இரண்டாம் தரத்திலும் இடம்பெற்றன. அரசரின் விருப்பமும் ஊரின் பெயரும் அந்த வரிசையில் கலந்தே இருந்தன.

அந்தக் கால ஒயின் தமிழகக் கரைக்கும் வந்தது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றில் குறிப்பிடும்போது அதன் குளிர்ச்சியையும் மணத்தையும் எடுத்துச் சொல்கிறார். இன்றும் ஒயினைச் சுவைப்பவர் பெரிதும் நாடுவது மணத்தைத்தான்.

தரகர்களின் பட்டியல்

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலையில் உருவான கனத்த கண்ணாடிப் புட்டியும் தக்கை மூடியும் ஒயினின் வாழ்நாளை நீட்டின. பீப்பாயிலிருந்து ஊற்றிக் குடித்து முடிக்க வேண்டிய பானம், புட்டியில் பல ஆண்டுகள் கிடந்து முதிரும் பொருளாயிற்று. ஓர் ஆண்டின் ஒயினையும் மற்றோர் ஆண்டின் ஒயினையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழி பிறந்தது. ஒரு தோட்டத்தின் பெயரால் ஒயினை அடையாளம் காணும் பழக்கமும் அந்த நூற்றாண்டில்தான் வேர்விட்டது. லண்டனில் வாழ்ந்த சாமுவேல் பெப்பிஸ் 1663 ஏப்ரல் 10ஆம் நாள், விடுதி ஒன்றில் அருந்திய பிரெஞ்சு ஒயினைப் பற்றி நாட்குறிப்பில் எழுதினார். போர்தோ பகுதியின் ஓ-பிரியோன் தோட்டத்துப் பெயரைத் தன் காதில் விழுந்தபடி எழுதி, அதன் சுவை நல்லது, வேறெதிலும் இல்லாதது என்று குறித்தார். வணிகரோ வல்லுநரோ அல்லாத ஒருவர், தன் நாக்கை நம்பித் தனக்காக எழுதிவைத்த குறிப்பு அது.

வணிகத்தில் தரம் சொல்லும் பொறுப்பு போர்தோவில் ‘கூர்த்தியே’ எனப்படும் தரகர்களிடம் இருந்தது. தோட்டக்காரருக்கும் ஏற்றுமதியாளருக்கும் நடுவில் நின்று, ஒவ்வொரு பீப்பாயையும் சுவைத்து விலை பேசுவது இவர்கள் தொழில். மூன்றாம் நெப்போலியன் 1855இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடத்தியபோது, போர்தோ வணிகர் சங்கம் இவர்களிடம் ஒரு பட்டியல் கேட்டது. ஏப்ரல் 5ஆம் நாள் கேட்ட பட்டியலைத் தரகர்கள் 18ஆம் நாள் கொடுத்துவிட்டனர். புதிதாக எதையும் சுவைத்துப் பார்க்க அந்த இரண்டு வாரம் போதாது. பல பத்தாண்டுகளாகச் சந்தையில் கிடைத்துவந்த விலையைத்தான் அவர்கள் அடிப்படையாகக் கொண்டனர். சிவப்பு ஒயின் தோட்டங்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. லஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் வகுப்பில் அமர்ந்தன. 1973இல் மூத்தோன்-ரோத்ஷில்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு உயர்ந்ததுதான் அந்த வகுப்பில் நடந்த ஒரே மாற்றம். விலையை வைத்துத் தரம் குறித்தார்கள். பிறகு அந்தத் தரமே விலையைக் காத்துவருகிறது.

20 மதிப்பெண்ணும் 36 கோப்பைகளும்

சுவையை முறையாகச் சோதிக்கும் கலை 20ஆம் நூற்றாண்டில் இரண்டு இடங்களில் வளர்ந்தது. அவற்றுள் ஒன்று லண்டன். ‘மாஸ்டர் ஆஃப் வைன்’ தேர்வு அங்கே 1953இல் முதன்முதலாக நடந்தபோது 21 பேர் எழுதி 6 பேர் தேறினர். பெயர் தெரியாத 36 ஒயின்களைச் சுவைத்து, அவை எந்த நாட்டில், எந்தத் திராட்சையிலிருந்து, எப்படிச் செய்யப்பட்டவை என்று காரணத்தோடு எழுதுவது இன்றும் அந்தத் தேர்வின் கடினமான பகுதி.

மற்றொன்று கலிபோர்னியா. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கில் அங்கே ஒயின் தொழில் நலிந்துபோயிருந்தது. அதை மீட்கும் ஆய்வில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் இறங்கியது. மேனார்ட் அமெரைனும் உடன் பணியாற்றியவர்களும் 1959இல் 20 மதிப்பெண் அட்டை ஒன்றை வகுத்தனர். தெளிவு, நிறம், மணம், காடி நெடி, புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். குறை கண்டுபிடிப்பதே இந்த அட்டையின் முதல் நோக்கம்: ஒயின் கெட்டிருந்தால் எந்தக் கட்டத்தில் கெட்டது என்று செய்தவருக்குத் தெரிய வேண்டும். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் 1984இல் மணச் சக்கரத்தை வெளியிட்டார். ‘அருமை’, ‘கம்பீரம்’ போன்ற பாராட்டுச் சொற்களுக்கு அதில் இடமில்லை. எலுமிச்சை, மிளகு, ஈரமண், புகையிலை என்று எல்லாருக்கும் தெரிந்த பொருள்களின் பெயரால் மணத்தைச் சொல்லும் பொதுமொழியை அது கொடுத்தது.

கோப்பைக்கும் இலக்கணம் வந்தது. 1977இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3591 தரநிர்ணயம், அடி அகன்று வாய் குறுகிய, 215 மில்லிலிட்டர் கொள்ளும் கோப்பையைச் சுவைத்தலுக்கு உரியதாக வரையறுத்தது. அதில் 50 மில்லிலிட்டர்தான் ஊற்ற வேண்டும். மீதி இடம் மணம் தங்குவதற்கு.

பாரிசில் ஒரு நாள்

பெயரை மறைத்தால் என்ன ஆகும் என்பதை 1976 மே 24ஆம் நாள் உலகுக்குக் காட்டியது. பாரிசில் ஒயின் கடை நடத்திய ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பர்ரியர், கலிபோர்னிய ஒயின்களையும் பிரெஞ்சு ஒயின்களையும் பெயர் மறைத்து, ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் முன் வைத்தார். ஒவ்வொரு பிரிவிலும் ஆறு கலிபோர்னிய ஒயின்கள், நான்கு பிரெஞ்சு ஒயின்கள், மதிப்பெண் 20க்கு. வெள்ளையில் 1973ஆம் ஆண்டின் ஷாத்தோ மொன்தெலினாவும், சிவப்பில் 1973ஆம் ஆண்டின் ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லர்சும் முதலிடம் பெற்றன, இரண்டும் கலிபோர்னியா. 1970ஆம் ஆண்டின் மூத்தோன்-ரோத்ஷில்ட் சிவப்பில் இரண்டாவதாக வந்தது. அங்கே இருந்த ஒரே செய்தியாளர், ‘டைம்’ இதழின் ஜார்ஜ் டேபர். அவர் எழுதிய சிறு செய்தியால், 1855இன் பட்டியலில் பெயரில்லாத நாடுகளும் தலைநிமிர்ந்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978இல், மேரிலாந்தின் வழக்கறிஞர் ராபர்ட் பார்க்கர் தொடங்கிய செய்திமடல் பின்னாளில் ‘தி வைன் அட்வகேட்’ என்ற பெயரில் உலகெங்கும் சென்றது. அமெரிக்கப் பள்ளிகளில் பழகிய 100 மதிப்பெண் முறையை அவர் ஒயினுக்குக் கொண்டுவந்தார். எந்த ஒயினுக்கும் 50 அடிப்படை; நிறத்துக்கு 5, மணத்துக்கு 15, சுவைக்கும் அது நாவில் நிற்கும் நேரத்துக்கும் 20, மொத்தத் தரத்துக்கு 10 வரை சேர்க்கப்படும். 1982ஆம் ஆண்டின் போர்தோ ஒயின்களைத் தொடக்கத்திலேயே அவர் உயர்த்திப் பேசியது பலித்தது. அதன்பின் அவருடைய எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவோர் கடைக்குப் போயினர். தோட்டக்காரர் விலை வைத்தனர். 2019இல் அவர் ஓய்வு பெற்றார்.

எண்ணின் மேல் எழுந்த ஐயம்

எண் வலுப்பெற்ற அதே காலத்தில் அறிவியல் அதைச் சோதித்தது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் பயின்ற 54 மாணவர்களிடம், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தனர். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தனர். ஃப்ரெடெரிக் புரோஷே உள்ளிட்டோர் நடத்திய இந்த ஆய்வு 2001இல் வெளியானது. 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடியதே சுவை கூடியதாக அதில் கலந்துகொண்ட 20 பேர் பொதுவில் உணர்ந்தனர். மூளையின் இன்ப உணர்வுப் பகுதியும் அதற்கேற்பக் கூடுதலாக இயங்கியது. அதே ஆண்டு ராபர்ட் ஹாட்ஜ்சன், கலிபோர்னிய மாநிலப் போட்டியின் நடுவர்களைப் பற்றி எழுதினார். ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றித் தந்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவரே மூன்று முறையும் நெருங்கிய மதிப்பெண் தந்தார்.

நாக்கு பொய் சொல்கிறது என்று இதற்குப் பொருளில்லை. கண்ணும் எதிர்பார்ப்பும் நாக்கோடு சேர்ந்தே தீர்ப்பு எழுதுகின்றன. அவற்றின் பங்கைக் குறைக்க மனிதர் கண்ட ஒரு வழி, புட்டியை மறைப்பது.

ஊரடங்கும் வீட்டு மேசையும்

2020 மார்ச்சில் கோவிட் நோயால் இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகள் அடுத்தடுத்து முடங்கின. ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் அந்த மாதம் நடக்கவிருந்த புரோவைன் சந்தை நடக்கவில்லை. வெரோனாவின் வினிதலி சந்தையும் அந்த ஆண்டு நின்றது. முந்தைய ஆண்டின் ஒயினைப் பீப்பாயில் இருக்கும்போதே சுவைத்து விலை பேசும் போர்தோவின் வசந்தகால வாரமும் தள்ளிப்போனது. உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் கூடும் வாரம் அது. வல்லுநர்கள் வர முடியாததால், 2019ஆம் ஆண்டு ஒயினின் மாதிரிகள் அவர்கள் வீட்டுக்கே அனுப்பப்பட்டன. தோட்டத்தின் அழகும் உரிமையாளரின் விருந்தும் இல்லாமல், தன் வீட்டு மேசையில் தனியே அமர்ந்து தரம் சொல்லும் நிலை வல்லுநருக்கு வந்தது.

வீட்டில் சுவைப்பதும் எல்லா நாட்டிலும் எளிதாக இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் மார்ச் 27 முதல் ஜூன் 1 வரை மது விற்பனையே தடை செய்யப்பட்டது. தடை பின்னரும் திரும்பத் திரும்ப வந்தது. நோய் நேரடியாகத் தாக்கியதும் இந்தத் தொழிலின் அடிப்படைக் கருவியைத்தான். மோப்பம் இழப்பதை கோவிட் நோயின் அதிகாரப்பூர்வ அறிகுறிகளில் ஒன்றாக பிரிட்டன் 2020 மே 18ஆம் நாள் சேர்த்தது. ஒயினின் சுவை என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு மணம். வாயில் எழும் ஆவி தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறினால்தான் அது முழுமையாகும். மோப்பம் போனால் புளிப்பும் இனிப்பும் கசப்பும் துவர்ப்பும் மட்டுமே மிஞ்சும்.

விடுதிகள் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் பொதுமக்களும் வீட்டிலேயே சுவைக்கப் பழகினர். ஒயின் கடைகளும் தோட்டங்களும் சிறு புட்டிகளில் மாதிரி அனுப்பி, காணொலி வழியே கூட்டம் நடத்தின. 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்று, 50 மில்லிலிட்டர் வீதம் 15 பேருக்கு வரும். ஆனால் காற்றுப் பட்டால் ஒயின் சில நாளில் சாரமிழக்கும். அதனால் மந்த வாயு நிரப்பிய சூழலில் சிறு புட்டிகளுக்கு மாற்றினர். 2013இல் சந்தைக்கு வந்த கோராவின் என்ற கருவியும் உதவியது. மெல்லிய ஊசியைத் தக்கையில் செலுத்தி, ஆர்கான் வாயுவின் அழுத்தத்தால் வேண்டிய அளவு மட்டும் எடுக்க அது வழிசெய்தது.

வீட்டு முறை எளியது. நான்கைந்து புட்டிகளைத் தாளாலோ துணியாலோ சுற்றி எண்ணிடுவார்கள். சுவைக்காத ஒருவர் ஊற்றுவார். கோப்பைகள் ஒரே வகையாக இருக்க வேண்டும். வெள்ளை ஒயின் சுமார் 8 முதல் 12 டிகிரி, சிவப்பு 16 முதல் 18 டிகிரி வெப்பத்தில் இருந்தால் மணம் சரியாக எழும். தாளிப்பு வாசனையும் வாசனைத் திரவியமும் அறையில் கூடாது. வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்ப்பது, சுழற்றி மணம் பிடிப்பது, ஒரு வாய் எடுத்து நாவெங்கும் பரப்புவது, துப்பிவிடுவது, பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பது என்று வரிசையாகப் போகும். நனைந்த அட்டை வாடை வந்தால் தக்கையிலிருந்து வந்த கேடு என்று அந்தப் புட்டியை ஒதுக்குவார்கள். ஒருவர் சொல் மற்றவர் மூக்கை இழுக்கும் என்பதால், பேசுவதற்கு முன் எல்லாரும் எழுதிவிடுவார்கள். அதன் பிறகே மறைப்பை அவிழ்ப்பார்கள்.

டேவிஸ் ஆய்வுக்கூடத்தின் ஒழுங்கும் பாரிசில் ஸ்பர்ரியர் செய்த மறைப்பும் இந்த மேசையில் ஒன்றாகச் சேர்ந்தன. ஆனால் தரகரின் விலைக்கும் பத்திரிகையின் எண்ணுக்கும் அங்கே வேலையில்லை. வீட்டில் இடும் மதிப்பெண் அந்தப் புட்டிக்கும் அந்த மாலைக்கும் அந்த நாக்குக்கும் உரியது. அடுத்த நாளே அது மாறலாம். அதன் பக்கத்தில் எழுதிய ஒரு வரி மாறாது. ஓ-பிரியோன் ஒயினுக்குப் பெப்பிஸ் எந்த மதிப்பெண்ணும் தரவில்லை. 350 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் எழுதிய அந்த ஒரு வரியை ஒயின் வரலாறு எடுத்துச் சொல்கிறது.