பூட்டின் குறையும் காவலின் வரலாறும்

ஒரு பூட்டின் குறையைப் பலரறிய எடுத்துரைப்பது திருடனுக்கு உதவுவதாகுமா, பொருளுக்கு உரியவனைக் காப்பதாகுமா? பூட்டுத் தொழிலின் வரலாற்றில் இவ்வினா பலமுறை எழுந்துள்ளது. இன்று உலகெங்கும் வீட்டுக் கதவுகளில் காணப்படும் ‘பின் டம்ளர்’ பூட்டு எவ்வாறு படிப்படியாகத் திருத்தம் பெற்றது என்பதை நோக்கினால், இதற்குரிய விடை தெளிவாகும் எனக் கருதுகிறோம்.

இப்பூட்டின் மூதாதை எகிப்தில் நெடுங்காலம் வழங்கிய மரப்பூட்டாகும். எட்வர்ட் வில்லியம் லேன் என்னும் ஆங்கில அறிஞர், எகிப்தியரின் வாழ்க்கைமுறை பற்றி 1836-இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்துள்ளார். கதவில் பொருத்திய மரச்சட்டத்திலிருந்து சிறு முளைகள் கீழிறங்கித் தாழின் துளைகளில் விழுந்து, அதனை நகரவொட்டாமல் தடுக்கும். அம்முளைகளுக்கு நேராகப் பற்கள் பதித்த மரச்சாவியை உள்ளே செலுத்தித் தூக்கினால் முளைகள் மேலெழும், தாழை இழுத்துவிடலாம். எளிமையும் அறிவும் இணைந்த அமைப்பு இது. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. முளைகளைப் போதிய அளவுக்கு உயர்த்தினால் போதும். அளவுக்கு மீறி உயர்த்தினாலும் பூட்டு மறுப்பதில்லை.

அளவு மிகினும் குறையினும் திறக்கலாகாது என்னும் நெறியை ஐரோப்பியப் பூட்டுகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காண்கிறோம். ஜோசப் பிராமா 1784-இல் காப்புரிமை பெற்ற பூட்டில், நகரும் தகடுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய ஆழத்திற்கு மிகச் சரியாக அழுத்தப்படல் வேண்டும். இதனைச் சாவியின்றித் திறக்கும் கருவியைச் செய்து காட்டுவோர்க்கு 200 கினி பரிசு என்று இலண்டனில் இருந்த அவரது கடையில் அறிவிப்பும் வைக்கப்பட்டிருந்தது.

ஆனால் எத்தனை நுட்பமாகச் செய்யினும் எல்லாத் தகடுகளும் மயிரிழை பிசகாமல் ஒரே சீராக அமைவதில்லை. பூட்டைத் திருப்ப முயன்று சிறிது விசை கொடுத்தால், ஏதேனும் ஒரு தகடு மற்றவற்றுக்கு முன் இறுகும். அதனைக் கண்டறிந்து உரிய இடத்திற்கு நகர்த்தினால் அடுத்தது இறுகும். இவ்வாறு ஒவ்வொன்றாக வெல்லலாம். இதனை உணர்ந்து, பிராமாவின் நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் என்பவர் 1817-இல் ஒரு திருத்தம் செய்தார். மெய்யான வெட்டோடு ஆழங்குறைந்த போலி வெட்டுகளையும் தகடுகளில் அமைத்தார். திறக்க முயல்வோன் போலியை மெய்யென நம்பி, அங்கேயே சிக்கிக்கொள்வான்.

1851-இல் இலண்டனில் மாபெரும் கண்காட்சி நடைபெற்றபோது, அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், புகழ்பெற்ற சப் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்தார். பின்னர் 16 நாள்களில் 51 மணி நேரம் உழைத்துப் பிராமா பூட்டையும் திறந்து அந்த 200 கினியைப் பெற்றார். ஆங்கிலேயர் அதிர்ந்தனர்; இத்தகைய செய்திகளை வெளியிடலாமா என்ற வாதமும் மூண்டது. ஹாப்ஸின் குறிப்புகளைக் கொண்டு சார்லஸ் டாம்லின்சன் 1853-இல் பதிப்பித்த நூல் அதற்கு விடை பகர்ந்தது. திருடர்கள் தம் தொழிலில் தேர்ந்தவர்கள். நாம் கற்பிக்கக்கூடியதை அவர்கள் முன்னரே அறிவார்கள். நேர்மையாளரே அறியாமல் ஏமாறுகின்றனர் என்பது அதன் சாரம். ஹாப்ஸ் போற்றி முன்வைத்த அமெரிக்க நியூவெல் பூட்டும் தப்பவில்லை. லைனஸ் யேல் என்னும் மற்றோர் அமெரிக்கர் அதனையும் பின்னர்த் திறந்து காட்டினார்.

இந்த யேலின் தந்தை 1848-இல் முளைப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மகன் 1861-இலும் 1865-இலும் பெற்ற காப்புரிமைகளால், சுழலும் உருளையும் தட்டையான சிறு சாவியும் கொண்ட இன்றைய வடிவம் உருவாயிற்று. எகிப்திய முளை இங்கே மேல், கீழ் என இரு துண்டாகிறது. இரண்டும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றினால் மட்டுமே உருளை சுழலும். பழைய மரப்பூட்டின் குறை இவ்வாறு நீங்கியது. எனினும் ஹாப்ஸ் பயன்படுத்திய பலவீனம் இதிலும் எஞ்சியது. துளைகள் முற்றிலும் நேர்கோட்டில் அமையாமையால் முளைகள் ஒவ்வொன்றாகவே இறுகுகின்றன.

அதற்கான மருந்தும் ரஸ்ஸலின் எண்ணத்திற்கு நெருங்கியதே. மேல்முளையை நேரான உருளையாக விடாமல், நூல் சுற்றும் கட்டையைப் போல் இடை சிறுத்ததாகக் கடைகின்றனர். வளைகம்பியால் முளையை உயர்த்தும்போது அதன் இடை விளிம்பில் சிக்கும். உருளை சற்றே சுழன்று, பூட்டு திறந்துவிட்டது போல் மயக்கும், ஆனால் திறவாது. சிக்கலை விடுவிக்க விசையைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் முன்னர் நிலைபெற்ற முளைகள் மீண்டும் கீழே விழக்கூடும். மேல்முளைகளை மட்டும் மாற்றுவதால் பழைய சாவியே தொடர்ந்து பயன்படும். எனினும் துளையிடும் கருவியையோ நகலெடுத்த சாவியையோ இத்திருத்தம் தடுக்காது. பழகிய கையைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் வெல்லாது.

2003-இல் மாட் பிளேஸ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர், பல பூட்டுகளுக்கு ஒரே தலைமைச் சாவி வழங்கும் முறையின் குறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது பழைய வாதமே மீண்டும் எழுந்தது. பூட்டுத் தொழிலார் சிலர் கண்டித்தனர். ஆனால் அக்குறை அத்தொழிலினுள் முன்பே அறியப்பட்டதுதான். அறியாதிருந்தவர்கள், அப்பூட்டுகளை நம்பித் தம் உடைமைகளை உள்ளே வைத்தவர்களே.

இவ்விடத்தில் அல்ஜஸரீயை நினைவுகூர்வது பொருந்தும். ஆர்துகிய மன்னரின் அவையில் பணியாற்றிய அப்பொறியியலாளர் 1206-இல் நிறைவு செய்த நூலில், எழுத்துகளைப் பொருத்தித் திறக்கும் பெட்டிப் பூட்டொன்றின் அமைப்பை வெளிப்படையாகவே விளக்கினார். அமைப்பை அறிந்தவனும் எழுத்துகளின் ஒழுங்கை அறியாமல் எளிதில் திறக்க இயலாது என்பதே அதன் வலிமை. மறைக்க வேண்டியது சாவியே. பூட்டின் இயல்பு அன்று. பூட்டு நம் உடைமைகளை மட்டுமன்றிப் பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களையும் காக்கிறது. ஆதலால் அதன் குறையை அறிந்தும் மறைத்து விற்பவர், வாங்குவோரின் நம்பிக்கையைச் சிதைக்கிறார். பிராமாவின் தகடு முதல் யேலின் முளை வரை, குறை கூறியவரின் சொல் செவிகொள்ளப்பட்ட இடத்திலேயே காவல் வலுப்பெற்றது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.