சுண்ணாம்புக் காரையும் கடலோர வீடுகளும்

1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டேனியர் குடியேறிய தரங்கம்பாடி, 1845இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்கு எஞ்சியுள்ள பழைய வீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுந்தவை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்வூரைத் தாக்கியபின், இன்டாக் அமைப்பு அவற்றுள் சிலவற்றைப் பழைய முறையிலேயே செப்பனிட்டது.

பழைய முறை ஏன் வேண்டும்? கடற்கரைச் சுவரில் உப்புநீர் ஏறுவதைத் தடுப்பது அரிது. ஏறியது வெளியேற வழி வேண்டும். சுண்ணாம்புக் காரை நுண்துளை மிக்கது. ஈரம் அதன்வழி உலரும், உப்பும் அங்கேயே படியும். உதிர்ந்த காரையைச் சுரண்டி மீண்டும் பூசிவிடலாம். சிமெண்டு பூசினாலோ ஈரம் செங்கல்லுக்குள் ஒதுங்கும். உப்பு உள்ளே படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். காரை கல்லினும் மென்மையாயிருப்பது குறையன்று, அதன் பணியே அதுதான்.

இவ்வறிவு கடல் கடந்தும் சென்றது. 1861இல் கட்டி முடிக்கப்பெற்ற சிங்கப்பூர்ப் புனித ஆண்ட்ரு பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் உருவானது. அதன் உட்சுவர்ப் பூச்சு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ எனப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றின் கலவை அது என 1899இல் வெளிவந்த நூலில் மெக்நாயர் பதிவு செய்துள்ளார். நம் வரலாற்றெழுத்து தோட்டத் தொழிலாளரைப் பேசிய அளவுக்கு இக்கைதிகளின் கைத்திறனைப் பேசவில்லை என்பது என் கருத்து.

இன்றைய செப்பனிடலில் இடர் பொருளைவிடக் காலத்தில்தான் உள்ளது. சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மெல்லவே இறுகும். பல நாள் ஈரம் காக்கவேண்டும். ஒப்பந்தக் காலக்கெடு அதற்குப் பொறுப்பதில்லை. சிமெண்டு பெரும்பாலும் இவ்வழியாகவே நுழைகிறது.