ஆங்கிலம் கற்றார்க்கு என்ன பணி?

ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்ற நம் இளைஞர் பலர், "இனி என்ன வேலை?" என்று கலங்கி நிற்பதைக் காண்கிறோம். அக்கலக்கத்திற்கு நெடிய வரலாறு உண்டு.

1844-இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சு, ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என அறிவித்தார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆங்கிலம் என்றாலே உத்தியோகம் என்ற எண்ணம் நம் மண்ணில் வேரூன்றியது.

ஆயினும் அக்காலத்திலேயே அம்மொழிக்கு உயர்ந்த பயன் கண்டவர் ஒருவர் உண்டு. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிப் பின்னர் முன்சீப் ஆனார். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதவர்க்கும் சட்டத்தின் கதவு திறந்தது. 1879-இல் அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவலாயிற்று.

இன்றும் அவ்வழி அடைபடவில்லை. கல்வியியல் பட்டமும் பெற்றால் ஆசிரியப் பணி. மொழித்திறம் வளர்த்தால் மொழிபெயர்ப்பு, இதழியல், பதிப்புத்துறை. எப்பட்டதாரியும் எழுதத்தக்க ஆட்சிப்பணித் தேர்வு. மேற்கொண்டு பயின்றால் சட்டம் எனத் துறைகள் பல உள.

எனவே, "எனக்கு என்ன கிடைக்கும்?" என்பதோடு, "என் கல்வியால் யாருக்கு வழி திறக்கும்?" என்றும் நம் பிள்ளைகள் கேட்கட்டும். தாலந்தை மண்ணில் புதைத்தவனை ஆண்டவர் பாராட்டவில்லை என்பதை நாம் அறிவோம்.